சென்சாரை மாற்றும் முன்

காரில் எத்தனையோ விளக்குகள் எரிந்து அணைகின்றன. நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: அலாவுதீன் விளக்கு வடிவில் சிவப்பாக எரியும் எண்ணெய் அழுத்த விளக்கு. நம் பட்டறைகளில் ‘மின்யாக் ஹித்தாம்’ என்கிறோமே, அந்த எஞ்சின் எண்ணெய் போதிய அழுத்தத்தோடு ஓடவில்லை என்று அது சொல்கிறது. ஓட்டும்போது எரிந்தால், பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ‘பட்டறை பக்கம்தானே’ என்று ஓட்டிப் போகக்கூடாது.

போன மாதம் என் மச்சானின் பத்து வயதுக் காரில் இது மினுக்கியது. எஞ்சின் சூடான பிறகு, சிக்னலில் நிற்கும்போது மட்டும். “சென்சார் போயிருக்கும் அண்ணே, மாத்திடுவோம்” என்றார் பட்டறைக்காரர். மச்சானுக்கு நிம்மதி. உள்ளூர்க் காருக்குச் சென்சார் சில பத்து ரிங்கிட்தானே!

எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. எண்ணெய் குறைந்தாலும், பழசாகி நீர்த்துப்போனாலும், உள்ளே பேரிங் தேய்ந்தாலும் விளக்கு இப்படித்தான் மினுக்கும். அப்போது சென்சாரை மாற்றி என்ன பயன்? எஞ்சினைப் பிரித்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

“தம்பி, முதல்ல மீட்டர் போட்டுப் பாருங்க” என்றேன். எண்ணெய் அளவுக் கம்பியைப் பார்த்தோம், அளவு சரி. சென்சாரைக் கழற்றி, அதே துளையில் அழுத்தமானியைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டார். சூடான பிறகும் அழுத்தம் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நின்றது. கழற்றிய சென்சாரின் மின்முனையில் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் அப்படித்தான். இப்போது மாற்றலாம்! இருபது நிமிட வேலை. ஒற்றை வயர் சென்சார் தன் திருகுமரை வழியாகத்தான் எஞ்சினோடு மின்தொடர்பு கொள்கிறது என்பதால், மரை முழுவதும் டேப் சுற்றாமல் பூட்டினார். கைதேர்ந்தவர்தான், அவசரம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

பழைய கார் வாங்கப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பொத்தான் வைத்த காரென்றால் பிரேக்கை மிதிக்காமல் அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லையா? சாதாரண சென்சாரின் வயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு எரியவே எரியாது. ஏன் எரியவில்லை என்று விற்பவரிடம் கேளுங்கள்.