குழந்தையின் அச்சம் குறிசொல்லும் கருவியன்று

பெரியோர் அறியாததைக் குழந்தை அறிகிறது. நாளை நிகழவிருக்கும் மரணத்தை இன்றே காண்கிறது. அது வெறித்து நோக்கிய திசையில் பிணம் விழுகிறது. தொலைக்காட்சி மர்மத் தொடர்கள் பலவும் இந்த ஓர் அச்சிலேயே சுழல்கின்றன. கதை கதையாகவே நின்றுவிடுமாயின் எவரும் கண்டிக்க வேண்டியதில்லை. உண்மையான பிள்ளையொன்று மிரளும்போது, அந்தக் கதையே அதற்கு விளக்கமாகிவிடுகிறதே, அங்கேதான் தீங்கு தொடங்குகிறது.

இவ்வாறு கூறுவது தெய்வ நம்பிக்கையைப் பழிப்பதாகும் என்று சிலர் சினங்கொள்வர். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' தொடரை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த அத்தொடர், காவல் தெய்வமே குதிரையேறி வந்து தண்டிப்பதாகக் காட்டி வாரந்தோறும் மக்களை நடுங்க வைத்தது. முடிவில் வெளிப்பட்டது என்ன? இளமையில் கொடுமைக்குள்ளான ஒரு சிறுவனின் உள்ளம் பிளவுபட்டு, கருப்பாக உருக்கொண்டது என்பதே. இது நேர்மையான முடிவு. ஆயினும் மக்கள் நெஞ்சில் தங்கியது குதிரைக் குளம்பொலி. மறைந்துபோனது அச்சிறுவனின் அழுகை. நடுக்கம் பல வாரம், விளக்கம் கடைசியில் சிறு பொழுது என்றால் வேறென்ன விளையும்?

கேமரன் மலையை நோக்குவோம். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட நாள் முதல் தமிழர் உழைப்பு அம்மலைச் சரிவுகளில் ஊறியது. முனீஸ்வரரும் கருப்பரும் தோட்டத் தமிழர்க்குத் துணிவளித்த தெய்வங்கள்; அவ்வழிபாட்டை இகழ்வது நன்றி மறத்தலாகும். ஆனால் வழிபாடு வேறு, மிரண்ட பிள்ளையைக் குறிகேட்கும் பலகையாக்குவது வேறு.

ஞானக்கண்ணின் வலிமையைச் சோதித்த களமும் அம்மலையே. 1967 மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து வெளியேறி மறைந்தார். காவலர், படையினர், ஓராங் அஸ்லி மக்கள் எனப் பலரும் காட்டைச் சல்லடையிட்டுத் தேடினர். தொலைவில் நிகழ்வதையும் காண்பவர் என்று உலகப் புகழ்பெற்றிருந்த பீட்டர் ஹூர்க்கோஸ் வரவழைக்கப்பட்டார். தாம்சன் கம்போடியாவுக்குக் கடத்தப்பட்டார் என்றார் அவர். அக்கூற்று மெய்ப்படவில்லை, தாம்சன் இன்றுவரை கிடைக்கவில்லை. பேர்பெற்ற 'ஞானி'க்கே புலப்படாத ஒன்றைப் பச்சிளம் பிள்ளையிடம் கேட்பது எவ்வகை அறிவு?

பலித்தது என்று கூறப்படுவனவும் ஆராயத் தக்கவை. குழந்தை நூறு சொற்கள் பேசுகிறது. அவற்றுள் ஒன்று நிகழ்ச்சியோடு பொருந்தினால் ஊர் அதனை நினைவிற் கொள்கிறது. பொருந்தாத தொண்ணூற்றொன்பதும் காற்றில் போகின்றன. அருள்வாக்குப் பிறப்பது இவ்வாறே.

இதனினும் கொடியது, நோய் அருளாகக் கொள்ளப்படுவது. வலிப்பு நோயில் கைகால் உதறாத வகையும் உண்டு. பிள்ளை சில நொடிகள் வெறித்துப் பார்க்கும், அழைத்தால் கேளாது, பின் ஒன்றும் நிகழாததுபோல் எழுதத் தொடங்கும். மூளையின் பக்கப்பகுதியில் எழும் வலிப்பால் இல்லாத உருவம் தோன்றலாம். முன்பே நடந்த ஒன்று மீண்டும் நடப்பதாகவும் உணர்வு எழலாம். முறையான மருந்தால் வலிப்பு நோயாளருள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்க, அத்தகைய பிள்ளையின் முன் கற்பூரம் ஏற்றி எதிர்காலம் கேட்பது பக்தியா, கொடுமையா?

நோயில்லாத பிள்ளையும் உருவங்களைக் கூறலாம். அடிபடும் பிள்ளைக்கு அடிப்பவன் பெயரைச் சொல்ல அச்சம். ஆகவே பேய் என்கிறது. அதன் கையிலுள்ள தழும்பைப் பாராமல் பேயை ஓட்டுவோர், அடித்தவனைக் காப்பாற்றுகின்றனர்.

வெறித்துப் பார்க்கும் பிள்ளையை முதலிற் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. 'கனவு காண்கிறாயா?' என்று அதட்டுவதை விடுத்து, அது நிகழும் நாளையும் நேரத்தையும் அவர் குறித்து வைக்கட்டும். பெற்றோரை அழைத்துப் பேசட்டும். மருத்துவரிடம் செல்ல வழிகாட்டட்டும். நாளைய எழுத்தாளராகும் மாணவர், மர்மக் கதை எழுதுங்கால், அக்குழந்தை என்ன காண்கிறது என்பதோடு நில்லாது, அதற்கு என்ன நேர்ந்தது என்றும் எழுதட்டும்.