சுண்ணாம்பு மூட்டைக்குள்ள ஒரு கக்கா

எலுமிச்சை மரத்தூர்ல பூசுற போர்டோ பசைக்கு கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியிருந்தேன். மூட்டையைக் கொட்டினா, வேகாத சிப்பி ஒண்ணு முழுசா கிடந்துச்சு. "இது என்ன சிப்பி அண்ணாச்சி?"ன்னு கடைக்காரர்ட்ட கேட்டேன். "கிளிஞ்சல்தான், வேற என்ன!"ன்னு சிரிச்சார்.

நமக்கு எல்லாமே கிளிஞ்சல்தான். சங்கரன்கோவில்ல ரயில் ஏறி, செங்கோட்டை, புனலூர் தாண்டிக் கொல்லத்துல இறங்கினா கதை வேற. அங்க அஷ்டமுடிக் காயல்ல கக்கா வாருறவங்க தொட்டே பேர் சொல்லுவாங்க. மஞ்சக் கக்கா, அதாவது பாஃபியா மலபாரிகா, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஓட்டுல உழுத சால் மாதிரி நெருக்கமா வரி ஓடும். நகத்தால கீறினா தட்டுப்படும். மட்டின்னு நாம சொல்ற மெரெட்ரிக்ஸ் காஸ்டாவுக்கு வரி கிடையாது. தடிச்ச ஓடு, முக்கோண வாகு, வழவழன்னு இருக்கும். வேம்பநாட்டுக் கறுத்த கக்கா உப்பு குறைஞ்ச தண்ணியில வாழுறது, மேல்தோலே கறுப்பு. வெயில்ல நிறம் வெளுத்துப் போன ஓடுன்னா வரியைத்தான் நம்பணும். எனக்குக் கிடைச்சதுல வரி இருந்துச்சு.

பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுங்கிறீங்களா? ஏற்றுமதி சூடுபிடிச்சு, 1991ல அஷ்டமுடியில சுமார் 10,000 டன் மஞ்சக் கக்கா வாரினாங்க. 1993ல அது பாதியாச்சு. அப்புறம்தான் கட்டுப்பாடு வந்துச்சு. முட்டை விடுற டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாரக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதிக் கறி கிலோவுக்கு 1,400 எண்ணத்துக்கு மேல போகக் கூடாது. போனா குஞ்சையும் சேத்து வாரியிருக்காங்கன்னு அர்த்தம். 2014ல மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலோட சான்றிதழ் கிடைச்சுது. இந்தியாவுல அதை வாங்குன முதல் மீன்பிடிப்பு இதுதான். எந்த இனம், எப்போ முட்டை விடும்னு தெரியாம இதுல ஒரு விதியும் போட்டிருக்க முடியாது.

எங்க ஊர்க் கதையையும் சொல்லணும்ல. கிணத்துத் தண்ணி இறங்கிப்போச்சேன்னு, "வாரத்துல ஒரு நாள் எல்லாரும் மோட்டாரை நிறுத்துவோம்"னு ஒரு பேச்சுல சொன்னேன். "முதல்ல நீ நிறுத்து"ன்னாங்க. நானும் நிறுத்தல. காயல்ல வாருறவனுக்கும் அன்னாடங் கஞ்சிப் பாடுதான்; அவன் மூணு மாசம் கையைக் கட்டியிருக்கான்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கக்கா வாங்கினா பேரைக் கேளுங்க, கறி பொடிசா இருந்தா வேண்டாம்னு வச்சிருங்க. நான் அடுத்த செவ்வாய் மோட்டார் போடப் போறதில்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன செய்றார்னு பாப்போம்.