துப்பாக்கி உறை செய்யும் வீடியோ பார்த்தீங்களா? முதல்ல பால்வெட்டுக் கத்திக்கு ஒண்ணு செய்வோம்!

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒருவர் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை ஓவனில் வைத்து இளக்குகிறார். அதை ஒரு பொம்மைத் துப்பாக்கியின் மேல் போர்த்தி, ஸ்பாஞ்ச் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்துகிறார். சில நிமிடம் கழித்து எடுத்தால், துப்பாக்கியின் ஒவ்வொரு வளைவும் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறது. ஓரம் வெட்டி, ரிவெட் அடித்தால் இடுப்பு உறை ரெடி. அடுத்த வீடியோவில் இதே முறையில் தோட்டா மேகசின் செருகும் கூடு. பார்க்க அவ்வளவு திருப்தியா இருக்கும். 'நாமளும் செஞ்சா என்ன?' என்று கை பரபரக்கும்.

செய்யலாமா? என் பதில்: உறை செய்யுங்கள், ஆனால் துப்பாக்கிக்கு வேண்டாம். இந்தக் கைவேலைக்காகக் காத்திருக்கும் வேறொரு பொருள் நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன பிளாஸ்டிக்?

அந்த வீடியோக்களில் வரும் ஷீட்டின் பெயர் கைடெக்ஸ். அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்தது. 1960களில் அமெரிக்காவில், விமானங்களின் உள்பக்கத் தடுப்புகளுக்காக உருவாக்கப்பட்டது. பிறகுதான் கத்தி உறை, துப்பாக்கி உறை என்று இடுப்புக்கு வந்தது.

இந்த வகைக்குத் தெர்மோபிளாஸ்டிக் என்று பெயர். சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், திரும்பச் சூடாக்கினால் திரும்பவும் இளகும். அதனால் ஒருமுறை தப்பாகப் போனாலும் மறுபடி முயற்சி செய்யலாம். வீட்டுக் கைவேலைக்காரர்களுக்கு இது பிடித்துப் போனதற்கு முக்கியக் காரணமே இதுதான். தோலைப் போல ஈரத்தில் ஊறாது, வியர்வையில் நாறாது, பூஞ்சை பிடிக்காது.

நெய்யூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே அறுவை சிகிச்சை மருத்துவராகத் தங்கினார். அதே ஊரில் இன்று புற்றுநோய் சிகிச்சை மையமும் இருக்கிறது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது நோயாளி கொஞ்சமும் அசையக் கூடாது. வாரக்கணக்கில் தினமும் படுத்தாலும் தலை அதே இடத்தில் இருக்க வேண்டும். இதற்காகக் கதிர்வீச்சு மையங்களில் முகமூடி ஒன்று செய்வார்கள். துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் ஷீட்டை 70 டிகிரி அளவிலான வெந்நீரில் இளக்கி, நோயாளியின் முகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிடத்தில் அது இறுகி, அந்த ஒருவரின் முகத்துக்கு மட்டுமே பொருந்தும் அச்சாகிவிடும்.

துப்பாக்கி உறைக்குப் பின்னால் இருப்பதும் இதே வித்தைதான். இளக்கு, போர்த்து, ஆறவிடு. ஒன்று உயிர் காக்கும் முகமூடி, இன்னொன்று இடுப்பு உறை. எதன் மேல் போர்த்துகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கும் முடிவு.

துப்பாக்கிக்கு ஏன் வேண்டாம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் உறை ஆயுதம் இல்லை. சொல்லப்போனால், உரிமம் வைத்திருப்பவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையிலோ பையிலோதான் கொண்டுபோக வேண்டும், அது முழுக்க மறைந்திருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகளே சொல்கின்றன. ஆக, உறை சட்டம் கேட்கும் ஒரு பாதுகாப்புச் சாதனம். நம் நாட்டில் துப்பாக்கி உரிமம் எளிதில் கிடைப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும். முன்பு மூன்று.

சிக்கல் செய்முறையில் இருக்கிறது. வெளிநாட்டில் இதைச் செய்பவர்கள் அச்சுக்குப் பயன்படுத்துவது சுடாத பொம்மை மாதிரியை. அது இல்லாமல் இங்கே ஒருவர் இறங்கினால், அச்சுக்கு நிஜத் துப்பாக்கி வேண்டும். உரிமம் உள்ள ஒருவர் தன் துப்பாக்கியை உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்து, 'அளவு எடுத்துட்டு நாளைக்குக் கொடு' என்று விட்டுவிட்டு வர முடியாது. அது 1959 ஆயுதச் சட்டத்தோடு நேராக மோதுவது. மேகசின் விஷயத்திலும் கவனம் வேண்டும். அதைச் செருகும் கூடு வெறும் பைதான். மேகசின் அப்படி இல்லை, அது துப்பாக்கியின் பாகம். 'கூடு செஞ்சாச்சு, உள்ளே இருக்கிறதையும் செஞ்சு பார்ப்போமே' என்று ஒரு அடி எடுத்து வைத்தால் அது உரிமம் இல்லாத ஆயுத உற்பத்தி.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். துப்பாக்கி உறையின் முதல் வேலை விசையை மூடிப் பாதுகாப்பது. அச்சு கொஞ்சம் தப்பினால், ஓரம் உள்பக்கம் மடிந்தால், துப்பாக்கியைச் செருகும்போது அந்த ஓரமே விசையை அழுத்திவிடலாம். பழகுபவரின் முதல் பத்து உறையும் கோணலாகத்தான் வரும். கோணலுக்கு விலை தொடையில் ஒரு குண்டு என்றால், அது பழகும் இடம் இல்லை.

அப்போ எதுக்கு?

விடியும் முன் தக்கலை, குலசேகரம் பக்கம் போனால் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் பால்வெட்டுத் தொழிலாளர்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் ரப்பர் என்றால் பெரும்பாலும் குமரி மாவட்டம்தான். மரப்பட்டையை நூல் பிடித்தாற்போல் சீவ வேண்டும் என்பதால் பால்வெட்டுக் கத்தியின் முனை சவரக்கத்தி மாதிரி இருக்கும். அந்தக் கத்தி பயணிப்பது எதில்? பைக் கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் கவரில். சில நேரம் பழைய துணியில் சுற்றி. சில நேரம் சும்மா இடுப்பில். இருட்டு, ஈரம், வழுக்கும் சரிவு. தடுக்கி விழுந்தால் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

தென்னை ஏறுபவரின் வெட்டோத்திக்கும் இதே கதைதான். குளச்சல் பக்கம் மீன் வெட்டுபவர்களின் கத்திக்கும் இதேதான்.

இது நமக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லவே இல்லை. பனையேறிகள் இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டியைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மரத்தைக் கட்டிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பாளை சீவும் அரிவாள் கூர்மையாக இருக்க வேண்டும், ஏறும்போது உடம்பில் படவும் கூடாது, உச்சியில் பார்க்காமலே கைக்கு வரவும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விடை, இடுப்பில் ஒரு பெட்டி. இன்று வீடியோவில் 'டிசைன்' என்று சொல்லித் தரும் எல்லாவற்றையும் அந்தப் பெட்டி எப்போதோ முடித்துவிட்டது. பனையேறிகள் குறைந்தார்கள், பெட்டியும் குறைந்தது. ரப்பர் வந்தபோது கத்தி வந்தது, கூடவே பெட்டி வரவில்லை.

சரி, எப்படிச் செய்வது?

*அச்சு:* நிஜக் கத்தியை வைத்து அழுத்தாதீர்கள். அதே வடிவத்தில் மரத்தில் ஒரு மாதிரி செதுக்கச் சொல்லுங்கள். அதன் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டினால் உள்ளே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

*முனை:* பால்வெட்டுக் கத்தியின் முனை வளைந்து மடிந்திருக்கும். அப்படியே அச்சு எடுத்தால் பிளாஸ்டிக் அந்த மடிப்புக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும், கத்தி வெளியே வராது. அதனால் மாதிரியின் குழிவான இடங்களைக் களிமண்ணாலோ மரத்துண்டாலோ முதலில் நிரப்பிவிட வேண்டும். முதல்முறை செய்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

*பொருள்:* கைடெக்ஸ் கிடைத்தால் 2 மில்லிமீட்டர் ஷீட் போதும். கிடைக்காவிட்டால் அகலமான பிவிசி தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து, சூடாக்கி, இரண்டு பலகைக்கு நடுவே தட்டையாக்கினால் ஷீட் கிடைத்துவிடும். வெந்நீரில் இளகும் கைவேலை பிளாஸ்டிக் குருணையும் ஆன்லைனில் விற்கிறார்கள். பழகிப் பார்க்க அது நல்லது. ஆனால் 60 டிகிரியிலேயே இளகும் என்பதால் கத்தி உறைக்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் அது உருக்குலைந்துவிடும்.

*சூடு:* கைடெக்ஸ் வளைய சுமார் 160 டிகிரி வேண்டும். பிவிசி குழாய் 80 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். இரண்டிலும் பிவிசி இருப்பதால், 200 டிகிரியை நெருங்கினால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் வாயு அது. ஆகவே கேஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டவே கூடாது. வெப்பக்காற்றுத் துப்பாக்கி அல்லது இதற்கென்றே ஒதுக்கிய சிறிய ஓவன், திறந்த வராந்தா, தடித்த கையுறை. அந்த ஓவன் மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது. கேக் செய்த ஓவனில் உறை, உறை செய்த ஓவனில் கேக் என்ற விளையாட்டெல்லாம் வேண்டாம்.

*முடிப்பு:* கூர்ப்பக்கம் வரும் ஓரத்தில் ஒரு பட்டை பிளாஸ்டிக்கை நடுவில் வைத்து ரிவெட் அடியுங்கள். அப்போது கூர் உறையைக் கிழித்து வெளியே வராது. அடியில் ஒரு துளை போடுங்கள், மழைத் தண்ணீரும் ரப்பர் பாலும் தேங்காது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

*சோதனை:* கத்தியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழக் கூடாது. ஒரு கையால் இழுத்தால் வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் திரும்பச் சூடாக்குங்கள். இந்தச் சோதனை முடியும்வரை யார் இடுப்பிலும் கட்டிவிடாதீர்கள்.

சட்டம் இங்கேயும் குறுக்கே வருமா?

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உருவான கருவிகளை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து ஆயுதச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பால்வெட்டுக் கத்தி தொழில் கருவி. ஆனாலும் தோட்டத்துக்குப் போகும்போது கட்டுவது வேறு, திங்கள்நகர் சந்தையில் இடுப்பில் கட்டிக்கொண்டு கெத்துக் காட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் போலீஸ் கேட்கும், கேட்கவும் வேண்டும்.

'நீயே செய்' மட்டும் போதுமா?

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். தொழிலாளியின் பாதுகாப்பைத் தொழிலாளியே யூடியூப் பார்த்துச் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்வது நியாயமா? இல்லை. கூலி கொடுப்பவர்தான் கத்தியோடு உறையும் கொடுக்க வேண்டும். பெரிய தோட்ட நிர்வாகங்கள் மட்டுமல்ல, நாலு ஏக்கர் வைத்திருக்கும் நம் உறவுக்காரரும்தான். தலைவிளக்கு வாங்கித் தருகிறவர்களுக்கு உறை பெரிய செலவு இல்லை.

ஆனால் கேட்பதற்கு முன்னால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும். 'இதோ, இப்படி ஒண்ணு' என்று கையில் எடுத்துக் காட்டும்போது பேச்சு மாறும். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு பிராஜெக்டாக எடுத்தால் ஒரு பருவத்துக்குள் நல்ல அச்சு ஒன்று தயாராகிவிடும். அச்சு ஒன்று இருந்தால் உறை நூறு வரும். வடிவம் சொல்லித்தர வேறு யாரும் வேண்டாம். பால்வெட்டுகிற அண்ணன்களும் அக்காமாரும் இருக்கிறார்கள், அருவாப்பெட்டி கட்டிய தாத்தாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

அந்த வீடியோவைச் சேமித்து வைத்திருந்தால் அழிக்க வேண்டாம். செய்முறை நல்ல செய்முறைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது, வீட்டுக் கொல்லையில் கத்தி எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். எதுக்கு உறை செய்யணும்னு அப்புறம் நான் சொல்லவே வேண்டாம்.