புலி வருது விளக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற நம்ம பெங்களூர் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். டேஷ்போர்டுல எரியற அந்தப் பெட்ரோல் விளக்கை நம்பி ஊருக்குக் கிளம்பாதீங்க. எரிஞ்சாலும் நம்பாதீங்க, எரியலைன்னா சுத்தமா நம்பாதீங்க.

இந்த ஊருக்கும் ரெண்டு சீட்டு காருக்கும் பழைய உறவு உண்டு. பெங்களூரைத் தலைமையிடமா வச்சிருந்த சான் மோட்டார்ஸ், ரெனோ எஞ்சின் போட்டு, சான் ஸ்டார்ம்னு கூரை திறக்கற ஒரு காரை கோவாவுல தயாரிச்சாங்க. அந்த மாதிரி வண்டிகளை ஆசையா வாங்கிப் பராமரிக்கறவங்க இன்னும் இருக்காங்க. பெயிண்ட், டயர், சைலன்சர் எல்லாம் பார்ப்பாங்க. டேங்குக்குள்ள எட்டிப் பார்க்கறவங்க குறைவு.

உள்ளே இருக்கறது ஒரு மிதவை, ஒரு கம்பி, அந்தக் கம்பி உரசிக்கிட்டுப் போற ஒரு மின்தடைப் பட்டை. பெட்ரோல் இறங்கினா மிதவை இறங்கும், முள்ளும் இறங்கும். விளக்குக்குப் பல கார்கள்ல தனி ஏற்பாடு. மிதவை அடிமட்டத்துக்கு வந்ததும் தொடற ஒரு காண்டாக்ட், இல்லைன்னா தெர்மிஸ்டர். இது பெட்ரோல்ல முங்கியிருக்கற வரை குளிர்ச்சியா இருக்கும். வெளியே தெரிஞ்சா சூடாகி, மின்சாரத்தை விட்டு விளக்கை எரிய வைக்கும். இருபது வருஷத்துல காண்டாக்ட் கறுத்துடும், பட்டை தேஞ்சுடும், பல்பு ஃபியூஸ் ஆயிடும். போதாக்குறைக்கு, ஸ்போர்ட்ஸ் கார்ல டேங்க் பெரும்பாலும் கிடைச்ச இடத்துல சொருகினது. வளைவுல பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினா விளக்கு எரியும், நேரானா அணையும்.

ஆக ரெண்டு விதப் பொய். ஒண்ணு, எரியவே எரியாதது. இன்னொண்ணு, கால் டேங்க் இருக்கும்போதே கண் சிமிட்டறது. முதல் பொய்தான் ஆபத்துன்னு எல்லாரும் சொல்வாங்க. என் அபிப்ராயம் வேற. எரியாத விளக்குன்னு தெரிஞ்சவன் உஷாரா இருப்பான். நாலு தடவை சும்மா எரிஞ்ச விளக்கை அஞ்சாவது தடவை எவனும் மதிக்கமாட்டான். புலி வருது கதைதான்.

புலி நிஜமா வர்ற இடங்களைப் பாருங்க. சில்க் போர்டு பக்கத்துல ஏறினா எலெக்ட்ரானிக் சிட்டி வரை கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலம், 2010ல திறந்தது. மேலே பங்க் கிடையாது. தர்மபுரி தாண்டினா தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்துல எஞ்சின் அணைஞ்சா பவர் ஸ்டியரிங் கல்லா கனக்கும். பிரேக்குக்கான வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்கு மேல தாங்காது. பின்னாடி லாரி, பக்கத்து சீட்டுல அம்மா. நினைச்சுப் பாருங்க.

நம்மகிட்ட ஒரு பழக்கமும் இருக்கு. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ள வராததால மாநிலத்துக்கு மாநிலம் வரி வேற, விலையும் வேற. எல்லை தாண்டினா லாபம்னு தெரிஞ்சா, காலி டேங்கோட அத்திப்பள்ளி வரை இழுத்துக்கிட்டுப் போறோம். மிச்சமாகறது சில்லறை. டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கற கார்கள்ல பம்பைக் குளிர வைக்கறதே பெட்ரோல்தான். அது சூடாகிப் போச்சுன்னா செலவு ஆயிரக்கணக்குல.

இன்னொண்ணு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரி 6ஆம் தேதி இதே பெங்களூர்லதான் பிரதமர் தொடங்கி வச்சார். எத்தனால்ல லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. அதனால மைலேஜும் கொஞ்சம் குறையும். "விளக்கு எரிஞ்ச பிறகு அம்பது கிலோமீட்டர் போகும்"ங்கற பழைய கணக்கெல்லாம் இப்ப செல்லாது.

அந்தக்கால பைக்குகள்ல இருந்த ரிசர்வ் குழாய் எவ்வளவோ மேல். டேங்குக்குள்ள ஒரு உயரமான குழாய், ஒரு குட்டையான குழாய். வண்டி திக்கினா கையால திருப்பணும். அதுல வயரும் இல்லை, பல்பும் இல்லை.

காருக்கு என்ன வழி? டேங்க் நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்க. 40 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 12 கிலோமீட்டர்னா, 350 தாண்டறதுக்குள்ள பங்க்குக்குள்ள திருப்பிடுங்க. டிராஃபிக்ல நின்னே எரியற பெட்ரோல் மீட்டர்ல ஏறாது, அதனால பெங்களூருக்குள்ள இன்னும் முன்னாடியே. பழைய கார் வாங்கப் போறவங்க, விளக்கு எரிஞ்சதும் சமதளத்துல ஃபுல் டேங்க் போட்டு, எத்தனை லிட்டர் பிடிக்குதுன்னு பாருங்க. மூணு தடவை செஞ்சா அந்த விளக்கோட யோக்கியதை தெரிஞ்சுடும்.

டிஸ்கி: ட்ரிப் மீட்டரும் ஓடலையா? ஓசூருக்கு நல்ல பஸ் வசதி இருக்கு :-)