விசைப்பலகை இருந்தால் மட்டும் போதுமா?

சில நாள்களாகவே எழுத வேண்டும் என்று எண்ணியிருந்த செய்தி இது. கணினி பற்றியதுதான், ஆனாலும் கணினி ஆசிரியர்களுக்காக மட்டும் எழுதவில்லை. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியுள்ள பெற்றோரும் பொறுமையுடன் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி நடந்தது. புதிதாக வாங்கிய கற்றல் மென்பொருளில், திரையில் தோன்றும் பெட்டிக்குள் அவர்கள் எழுத வேண்டும். அஞ்சல் விசைமுறையில் நன்றாகத் தட்டச்சு செய்யும் மாணவன் ஒருவன் 'கொடி' என்று எழுத முனைந்தான். 'கே' விசையை அழுத்தியதும் 'க்' வந்தது. அடுத்து 'ஓ' விசையை அழுத்தினான். 'கொ' வர வேண்டிய இடத்தில் ககரத்தைக் காணவில்லை. புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும், அதன் இருபுறமும் ஒற்றைக் கொம்பும் காலும் நின்றன. அழித்தான், மீண்டும் எழுதினான், அதே வட்டம். மூன்றாம் முறைக்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, இதுல தமிழ் வராதுங்க. இங்கிலீஷ் எழுத்துலயே எழுதட்டுமா?" என்று கேட்டான். அதற்குள் அடுத்த வரிசையில் இருவர் கேட்காமலேயே தமிழை உரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கியிருந்தனர்.

அதே மாணவன், அதே கணினி, அதே விசைப்பலகை. சாதாரண எழுதுசெயலியைத் திறந்து எழுதச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை. குறை மாணவனிடமும் இல்லை, தமிழிடமும் இல்லை. அந்த மென்பொருளின் எழுதும் பெட்டியில்தான் இருந்தது.

என்ன நடந்தது என்பதைச் சற்று விளக்குகிறேன். ஒருங்குறியில் 'க்' என்பது ஒரு குறியீடு அன்று. ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு. 'கொ' என்பதும் ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு. எனவே 'க்' என்பதைக் 'கொ' ஆக்குவதற்கு, தமிழ் உள்ளீட்டு முறை புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு உயிர்க்குறியைச் சேர்க்க வேண்டும். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. உள்ளீட்டு முறை, 'இவ்வெழுத்து இன்னும் முடியவில்லை, தற்காலிகமாக வைத்திரு' என்று எழுதும் பெட்டியிடம் சொல்லும். பெட்டியும் அதற்கு உடன்படும். இந்தப் பேச்சுவார்த்தைக்கு வேண்டிய ஏற்பாட்டை விண்டோஸ், மேக், லினக்ஸ் என எல்லா இயங்குதளங்களும் தருகின்றன. பெட்டிக்கு அந்த மொழி தெரியாவிட்டால், உள்ளீட்டு முறை வேறு வழியின்றி அழிப்பு விசையை அழுத்தியதுபோல ஒரு கட்டளையை அனுப்பும். புள்ளி மட்டும் போகும் என்று அது நம்புகிறது. பெட்டியோ 'க்' முழுவதையும் விழுங்கிவிடுகிறது. எஞ்சியது உயிர்க்குறி மட்டுமே. அதைத் தாங்க மெய் இல்லாததால் அந்தப் புள்ளி வட்டம்.

பெற்றோர் ஒருவர் என்னிடம், "தொண்ணூறுகளில் எந்த மென்பொருளிலும் தமிழ் எழுதினோமே, இப்போது மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் 'க்' என்பதற்கே தனி இடம் ஒன்று இருந்தது. அழித்தால் ஒன்று போகும், அவ்வளவுதான். மென்பொருளுக்கு அது தமிழ் என்பதே தெரியாது. ஆனால் ஒரு கணினியில் எழுதியது மற்றொரு கணினியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். ஒருங்குறி அதைத் தீர்த்தது. அதற்கு ஈடாக, எழுதும் பெட்டிகள் சற்று அறிவுள்ளவையாக இருக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

அறிவுள்ள பெட்டி என்பது அரிதான பொருளும் அன்று. இயங்குதளம் தரும் ஆயத்தப் பெட்டியை மென்பொருள் செய்வோர் அப்படியே பயன்படுத்தினால் பெரும்பாலும் எல்லாம் சரியாக இயங்கும். அழகுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ சொந்தமாகப் பெட்டி வரையும்போதுதான் வினை. விசையை அழுத்தினால் ஓர் எழுத்து வரும் என்ற ஆங்கிலக் கணக்கிலேயே அதைச் செய்துவிடுகிறார்கள். நிரலாளர்கள் பயன்படுத்தும் ஈமாக்ஸ் என்னும் பழைய உரைத்திருத்தியைப் பாருங்கள். அது பல மொழிகளுக்கான உள்ளீட்டு முறைகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தமிழும் அவற்றுள் உண்டு. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அது போதும்.

நம்மில் சிலர், "தமிழ் மட்டும் கேட்டால் எந்த நிறுவனம் செய்யும்? நம் எண்ணிக்கை என்ன?" என்று தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் தேவையற்றது. பக்கத்துச் சீனப்பள்ளியிலும் இதே துன்பம்தான். பின்யின் முறையில் ஒலியைத் தட்டினால் அதற்குரிய சீன எழுத்துகள் ஒரு பட்டியலாக வரும். மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மோசமான பெட்டியில் அந்தப் பட்டியல் திரையின் ஏதோ ஒரு மூலையில் தோன்றும். சொல்லை உறுதிப்படுத்த நுழைவு விசையை அழுத்தினால், முடியாத விடை அப்படியே அனுப்பப்பட்டுவிடும். சீனம், சப்பானியம், கொரியம், தமிழ் எல்லாம் நுழைவது ஒரே கதவு வழியாகத்தான். நாம் கேட்பது சலுகை அன்று. ஏற்கனவே இருக்க வேண்டிய கதவைத் திறந்து வைக்கும்படிதான் கேட்கிறோம்.

தமிழ்99 விசைமுறைக்கு மாறினால் போதும் என்று சொல்லும் நண்பர்களும் உளர். மாணவர்களுக்குத் தமிழ்99 கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்தும். தமிழைத் தமிழாகவே எண்ணித் தட்டச்சு செய்ய அது பழக்கும். அதில் ககரமும் ஒகரமும் தட்டினால் நேரே 'கொ' வந்துவிடும், எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கும் பெட்டியின் துணை தேவை. தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். மாணவி ஒருத்தி 'க' என்று தட்டிவிட்டு, சுட்டியால் வேறொரு வரிக்குச் சென்று அங்கே 'க' தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடம் மாறியதைப் பெட்டி தெரிவிக்காவிட்டால், உள்ளீட்டு முறை பழைய நினைவிலேயே இருந்து, தொடர்பில்லாத எழுத்தின் தலையில் புள்ளி வைத்துவிடும். அதை எழுத்துப்பிழை என்று சிவப்பு மையால் வட்டமிடுவது நாம்தான்!

எழுத்துகளை எண்ணுவதிலும் இதே அலட்சியம். 'தமிழ்' என்பது மூன்று எழுத்து என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். பல மென்பொருள்கள் ஐந்து என்கின்றன. நூறு எழுத்துக்குள் விடை எழுதுக என்று சொல்லும் பெட்டி, பிள்ளை எழுதி முடிக்கும் முன்பே கதவை அடைத்துவிடுகிறது.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மேக் கணினியிலும் ஐபோனிலும் அஞ்சல், தமிழ்99 இரண்டும் இயங்குதளத்துடனேயே வருகின்றன. விண்டோஸிலும் தமிழ்99 உண்டு. விசைப்பலகைக்குப் பஞ்சமில்லை. ஆகவே மென்பொருள் வாங்கும்போது 'தமிழ் தெரிகிறதா?' என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதிப் பாருங்கள். கொக்கு, பூச்செண்டு, யானை, ஔவையார் என நான்கு சொற்கள் போதும். நடுவே ஓர் எழுத்தை நுழைத்துப் பாருங்கள். கடைசி எழுத்தை அழித்துப் பாருங்கள். எழுதியதைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பணம் கொடுத்த பின் கேட்டால் 'அடுத்த பதிப்பில் வரும்' என்பார்கள். எங்களுக்கும் அந்த விடைதான் கிடைத்தது.

அடுத்த மாதம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு இரண்டு மென்பொருள்களைப் பார்வையிடவிருக்கிறது. விளக்கமளிக்க வருபவர்கள் எழுதிக் காட்டவேண்டாம் என்று சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். 'கொடி' எழுத முடியாமல் தவித்த அந்த மாணவனே உட்கார்ந்து தட்டச்சு செய்வான்.