நடுராத்திரியில் கை மரத்துப் போனால்...



நடுச்சாமத்தில் கை மரத்து, எறும்பு ஊர்வதுபோல் சுருக்சுருக்கென்று குத்தி, எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறீர்களா? உதறியதும் கொஞ்சம் சுகமாகிறதா? அப்படியானால் எந்தெந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், அநேகமாக அது வாய்வுமல்ல, வாதமுமல்ல. கோடாலித் தைலம் எத்தனை புட்டி தேய்த்தாலும் போகாது.

நம் மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு கெட்டியான நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே கொஞ்சம் வீங்கினாலும் நரம்புதான் நசுங்கும். டாக்டர்கள் இதை ‘கார்ப்பல் டன்னல்’ என்பார்கள். ஆண்டுக்கணக்கில் உளி பிடித்து மரம் சீவிய கைக்கு வரும். செம்பனைக் குலை வெட்டும் கைக்கும் வரும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வருவதுண்டு. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் தானாகவே குறைந்துவிடும்.

ராத்திரியில் ஏன் அதிகம்? தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடங்கினால் அந்த வழி இன்னும் இறுகும். ஆகவே வைத்தியமும் ராத்திரியில்தான். மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராகப் பிடித்து வைக்கும் பட்டை இருக்கிறது. பார்மசியில் ‘ஸ்பிளிண்ட்’ என்று கேளுங்கள்.

வாங்கியதும் அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள். பல பட்டைகளின் உள்ளே இருக்கும் தகடு, கையைப் புறங்கைப் பக்கமாக வளைத்தே வைத்திருக்கும். மணிக்கட்டு நேராக இருப்பதே அதிக சுகம் தருகிறது என்று 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தகட்டை உருவி, நேராக நிமிர்த்தி, திரும்பச் செருகுங்கள். விரல்கள் தாராளமாக ஆடவேண்டும். இறுக்கிக் கட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பது தப்பு, வீக்கந்தான் கூடும்.

இரண்டு ராத்திரி போட்டுவிட்டு, “இதுவும் சரியில்லை” என்று மூலையில் எறிவது நம்மவர் வழக்கம். குறைந்தது 6 வாரம் விடாமல் போடுங்கள். பகலில் வேலைக்குப் போகும்போது கழற்றிவிடலாம்.

ஊசி போட்டால் சட்டென்று போய்விடுமாமே என்பீர்கள். உண்மைதான். இங்கிலாந்தில் 234 பேரை வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். 6 வாரத்தில் ஊசி போட்டவர்களே மேல். ஆனால் 6 மாதத்தில் ஊசிக்காரர்களுக்கும் பட்டைக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பகலிலும் விரல்கள் மரத்தே இருக்கிறதா? தம்ளர் கைநழுவி விழுகிறதா? சட்டைப் பொத்தான் போட முடியவில்லையா? கட்டைவிரலின் அடிச்சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா? இப்படிப்பட்டவர்கள் பட்டையை நம்பிக் காலம் கடத்தக் கூடாது. நசுங்கிய நரம்பு மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. வற்றிய சதை பழையபடி திரும்புவது அரிது. கட்டைவிரலில் பலம் இல்லாமல் உளியும் பிடிக்க முடியாது, பிள்ளைக்குச் சடையும் பின்ன முடியாது. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆபரேஷன் என்றதும் பயம் வேண்டாம். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்து, அந்த நாரை வெட்டி வழிவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

வேலையால் வந்ததாக டாக்டர் கருதினால், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையால் வரும் நோய்களுக்கும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோவில் விண்ணப்பிக்கலாம். போன கையோடு இனிப்பு நீர்ச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆண்பிள்ளைகள் ராத்திரியில் கை உதறுவதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.