"கத்துக்கிற பிள்ளைக்கு இது போதும்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிடுங்கள்.

இசைக்கருவி விற்கிற இடங்களில் வழக்கமாகச் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு. "கத்துக்கிற பிள்ளைதானே, இது போதும்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பழகிய கலைஞருக்குக் கருவியில் என்ன குறை என்று தெரியும், அதற்கேற்ப விரலை மாற்றி வைத்துச் சமாளித்துவிடுவார். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. தப்பாக ஒலித்தால் "என் கைதான் சரியில்லை" என்றுதான் நினைக்கும். கோணல் அடிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு, நேர்கோடு போடத் தெரியவில்லை என்று அடிப்பது போன்றது இது. கற்கிறவருக்குத்தான் நல்ல கருவி முதலில் வேண்டும்.

எலெக்ட்ரிக் பாஸ் கிட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். இளையராஜா பாட்டுகளில் அடியில் தும்தும் என்று தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டே இருக்குமே, அந்தக் கருவி. பெரும்பாலும் நான்கு தடித்த கம்பிகள். 1951-இல் ஃபெண்டர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த பாஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார்கள். துல்லியம் என்று பொருள். கழுத்தில் ஃப்ரெட் என்கிற உலோகக் கட்டைகளைப் பதித்ததால் விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் வரும் என்பதற்காக அந்தப் பெயர். இன்று நம் பிள்ளைகள் கைக்கு வருகிற பல பாஸ்களில் இல்லாமல் போனது அந்தத் துல்லியம்தான்.

கொஞ்சம் கணக்கும் அறிவியலும் பார்ப்போம். வழக்கமான பாஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பில் மரம் வளையாமல் இருக்கத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். தடித்த கம்பி அகலமாக அசைந்து அதிரும். அதனால் ஒரு ஃப்ரெட் மயிரிழை உயர்ந்திருந்தாலும் அதில் இடித்து ஜர்ர் என்று இரையும். ஃப்ரெட்களை ஒரே மட்டமாகத் தேய்ப்பதும், தலைப்பக்கம் கம்பி உட்காருகிற 'நட்' காடிகளைச் சரியான ஆழத்துக்கு அராவுவதும் நேரம் பிடிக்கிற வேலை. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது இந்த வேலையில்தான். பளபளப்பான பெயின்டில் கை வைக்க மாட்டார்கள். அது போட்டோவில் தெரியுமே!

என் தம்பி பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு மாதம் பாஸ் கற்றாள். விரல் நுனி கன்றிப்போனதுதான் மிச்சம். மாஸ்டர் "விரலில் பலம் இல்லை" என்றார். நம் உறவிலேயே சிலர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தத் தடிக் கம்பி" என்றார்கள். சொன்னவர்களும் இதைப் படிப்பீர்கள், எனக்குத் தெரியும். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் என் பழைய மாணவன் வந்து பத்து நிமிடம் பார்த்தான். நட் காடிகள் பாதிதான் அராவப்பட்டிருந்தன. அதனால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தவே இரண்டு மடங்கு பலம் வேண்டும், அழுத்தினாலும் சுரம் ஏறிப்போகும். ஏழாவது ஃப்ரெட் மேலே தூக்கி நின்றது. கேபிள் செருகுகிற ஜாக் லூஸ், உள்ளே சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. "டீச்சர், பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல" என்றான். கடையில் கேட்டதற்கு, "வாசிக்க வாசிக்கச் சரியாயிடும் மேடம்" என்றார்கள். வாசித்தால் ஃப்ரெட் தானாக மட்டமாகிவிடுமா? பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கடைசியில் எங்கள் செலவில் அவன்தான் சரிசெய்து கொடுத்தான். இப்போது அதே விரல், அதே பிள்ளை, நன்றாக வாசிக்கிறாள்.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அசையும். எங்கோ செய்து, கப்பலில் வந்து, நம் ஊர்ப் புழுக்கத்தில் நிற்கும்போது கழுத்து கொஞ்சம் வளையலாம். அது குற்றம் இல்லை. ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். பிரிட்ஜில் கம்பியின் உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் முறுக்கிய கழுத்து, மட்டமில்லாத ஃப்ரெட், இடம் தவறிப் பொருத்திய பிரிட்ஜ், பிடிக்காத சால்டர் இவையெல்லாம் தயாரிப்புக் குறைகள். முதல் வகையைச் சரிசெய்து தருவது கடைக்காரர் கடமை. இரண்டாம் வகையைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அவர் கடமைதான். புது சைக்கிள் வாங்கினால் வீல் கோட்டம் எடுத்து, பிரேக் பார்த்து, காற்றடித்துத்தானே கையில் தருகிறார்கள்? விலை கொடுத்து வாங்கும் கருவியை அட்டைப் பெட்டியோடு நீட்டுவது என்ன நியாயம்?

இனி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இவற்றைப் பாருங்கள்.

1. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் லேசாக இரைந்தால் செட்டிங் பிரச்சினையாக இருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் இரைந்தால் ஃப்ரெட்டைச் சந்தேகப்படுங்கள்.

2. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும்.

3. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அதன் நேர் மேலே லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுரமாக வேண்டும். போனில் இலவச ட்யூனர் ஆப் போதும். பிரிட்ஜில் சேடிலைக் கடைசி வரை நகர்த்தியும் சேரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

4. ஆம்பில் இணைத்துக் கேபிளை மெல்ல அசையுங்கள். கரகரத்தால் ஜாக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறக் கூடாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதனால் வாங்கிய அன்றே சோதியுங்கள், ஆறு மாதம் கழித்து அல்ல.

இசை சொல்லித்தரும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "உனக்கு வராது" என்று சொல்லும் முன் அந்தக் கருவியை ஒருமுறை நீங்களே வாங்கி வாசித்துப் பாருங்கள். மூன்று நிமிடம் ஆகும்.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் ஏதாவது பிள்ளை கிட்டாரையோ கீபோர்டையோ பாதியில் விட்டு மூலையில் சாத்தி வைத்திருக்கிறதா? இந்த வாரமே எடுத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்ன குறை சொன்னார் என்று கமென்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்